லிஃப்ட் குழிக்குள் நின்று கேட்டவர்

— நாலாவது தடவையா கேக்கறேன். அஞ்சாவது தடவ கேக்க மாட்டேன், சொல்லிட்டேன்.

— கேளுங்க, வேணாங்கல. ஆனா லிஃப்ட் குழிக்குள்ள நின்னுக்கிட்டா கேப்பாங்க? உங்க தலை மட்டும்தான் வெளிய தெரியுது. கல்யாணம் கேக்கற மனுஷன் தரைக்கு மேல நிக்க வேணாமா?

— மேல ஏறினா இந்த ஆபீஸுக்கு வந்திருக்கற ஜனமெல்லாம் 'மெக்கானிக்கு, ஆச்சா? மெக்கானிக்கு, ஆச்சா?'ன்னு பிச்சுப் புடுங்குது. குழிக்குள்ளதான் நிம்மதி. அந்த ஸ்பானர எடு. அது இல்ல, சின்னது.

— இந்தாங்க. பாவம், அவங்க கேக்காம என்ன பண்ணுவாங்க? வயசானவங்க, கால் முடியாதவங்க, என்ன மாதிரி புருஷன் போனவங்க, எல்லாருக்கும் உதவித்தொகை குடுக்கற ஆபீஸக் கொண்டுபோய் நாலாவது மாடியில வச்சிருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவ நேர்ல வந்து, உயிரோட இருக்கோம்னு மூஞ்சியக் காட்டணும். இந்தப் படியில ஏறிப்போனா உயிரோட போய்ச் சேருவோமான்னே தெரியல.

— அதுக்குத்தான் காலையிலேர்ந்து இடுப்பொடிய வேலை பாக்கறேன். நீ பேச்ச மாத்தாத.

— மாத்தல. சொல்லுங்க.

— மாசக் கடைசிக்குள்ள வீட்டு ஓனருக்கு பதில் சொல்லணும். ஊர்ல அக்கா மகன் எனக்காக மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சுட்டான். 'மாமா, ஒத்த ஆளுக்கு ஒரு வீடு எதுக்கு, எங்களோட வந்துடுங்க'ன்னு வாரா வாரம் போன். அவன் ஊருக்குப் போயிட்டா அப்பறம் நான் இந்தப் பக்கம் எங்க வர்றது? ராத்திரி பூரா ரயில்ல உக்காரணும். நீ சரின்னா வீட்ட வச்சுக்கறேன். இல்லைன்னா காலி.

— மிரட்டறீங்களா?

— நிலவரத்தச் சொல்றேன்.

— நிலவரத்த யாராவது முறைச்சுக்கிட்டே சொல்வாங்களா?

— முறைக்கல. இந்த லைட்டு நெத்தியில கட்டிருக்கேன்ல, அண்ணாந்து பாத்தா உனக்கு அப்படித் தெரியுது. சரி, நீ எதுக்கு யோசிக்கறேன்னு எனக்குத் தெரியாதா? கல்யாணம் பண்ணிக்கிட்டா அந்த உதவித்தொகை நின்னுடும். விதவைக்குன்னு குடுக்கறதுதானே, அப்பறம் எப்படிக் குடுப்பான்? நிக்கட்டும்ங்கறேன். அந்தப் பணம் எதுக்கு உனக்கு? நான் இருக்கேன்ல.

— நாலு தடவையும் இதையேதான் சொல்லியிருக்கீங்க. ஒரு எழுத்து மாறல.

— ஏன் மாறணும்? மனசுல இருக்கறது அதுதானே.

— அத விட்டுட்டு நான் வர மாட்டேன்.

— இதையும் நாலு தடவ சொல்லிட்ட. நான் என்ன உன்னப் பட்டினியா போடப் போறேன்? நான் யார்கிட்டயும் ஓசியில ஒரு குண்டூசி வாங்கினது கிடையாது. என் பொண்டாட்டியும் வாங்கக் கூடாதுன்னு நெனைக்கறது தப்பா?

— இது ஓசியா?

— பின்ன? உழைக்காம கைக்கு வந்தா அதுக்கு என்ன பேரு? உன்னச் சொல்லல. பொதுவா சொல்றேன். இப்பக்கூடப் பாத்தேன், வாசல்ல ஒருத்தன் கார்ல வந்து இறங்கறான். கார்ல வந்து உதவித்தொகை வாங்கறான். நாடு எப்படி உருப்படும்?

— நீலச் சட்டை போட்டவரா?

— ஆமா.

— அவரு எங்க தெருதான். ரெண்டு காலும் முட்டிக்குக் கீழ கட்டை. பஸ் படி ஏற முடியாது. எதிர்வீட்டு டிரைவர் வருஷத்துல ஒரு நாள் முதலாளிகிட்டக் கெஞ்சி அந்தக் கார வாங்கிட்டு வந்து இவரக் கொண்டாந்து விடறாரு.

— அது வேற.

— நீங்க லிஃப்ட் வேலை எங்க கத்துக்கிட்டீங்க?

— தொழிற்பயிற்சிப் பள்ளியில. ஏன்?

— யாரு நடத்தினது?

— அரசாங்கம்.

— சம்பளம் கட்டினீங்களா?

— இல்ல. அது வேற. அது படிப்பு.

— போன வருஷம் கை உடைஞ்சப்ப உள்ள தகடு வச்சுத் தைச்சாங்களே, அது எந்த ஆஸ்பத்திரி?

— அதுவும் வேற. அது உடம்பு.

— அப்ப ஓசிங்கறது அடுத்தவங்க வாங்கறது மட்டும்தான்.

— நீ பேக்கரியில பன்னு சுத்த வேண்டிய ஆளே இல்ல. கோர்ட்டுக்குப் போயிருக்கணும்.

— பேக்கரியில இருந்ததாலதான் உங்க கண்ணுல பட்டேன். அடுப்பறையிலேர்ந்து பன்னுத் தட்டு மேல வர்ற அந்தக் குட்டி லிஃப்ட ஒரு தடவ சரி பண்ணிட்டுப் போனீங்க. அடுத்த வாரம் வந்தீங்க. அதுக்கு அடுத்த வாரமும் வந்தீங்க. முதலாளி என்கிட்ட, 'என்னம்மா, நல்லா ஓடற லிஃப்ட இந்தாளு எதுக்கு வந்து வந்து தடவிப் பாக்கறாரு'ன்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— எண்ணெய் போட வர்றாருன்னேன்.

— பரவால்ல, காப்பாத்தியிருக்க. அந்தத் துணிய எடு, கை வழுக்குது.

— இந்தாங்க. நெத்தியில அந்த லைட்டு இறுக்கமா இல்லையே?

— இல்ல இல்ல. வாழ்க்கையிலயே உருப்படியான சாமான்னா இதுதான். முன்னாடியெல்லாம் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு வேலை பாப்பேன். இப்ப ரெண்டு கையும் ஃப்ரீ, வாயும் ஃப்ரீ.

— வாய்தான் கொஞ்சம் அதிகமா ஃப்ரீயாயிடுச்சு. அது எந்தப் பணத்துல வாங்கினேன் தெரியுமா?

— பேக்கரி சம்பளத்துல.

— அரை நாள் வேலை சம்பளம் என் ரூம் வாடகைக்கும் வயித்துக்கும் சரியாப் போயிடும். மிச்சம் பிடிக்க அதுல ஒண்ணும் இருக்காது.

— அப்ப இது... காலையிலேர்ந்து உன் உதவித்தொகைய நெத்தியில கட்டிக்கிட்டா நான் பேசிட்டு இருக்கேன்?

— வெளிச்சம் நல்லாத்தானே வருது?

— வருது.

— அத நான் உங்க கையில குடுத்தப்ப என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

— நல்லாருக்குன்னேன்.

— இல்ல. அது அப்பறம். முதல்ல 'எதுக்கு இது இப்ப'ன்னீங்க.

— சும்மா வாய்க்கு வந்தது. அதையா மனசுல வச்சிருக்க?

— கோவமா வச்சுக்கல. ஆனா அந்த வார்த்தைய நான் ரொம்பக் கேட்டிருக்கேன். என் வீட்டுக்காரரு இருந்த வரைக்கும் எதக் கேட்டாலும் முதல்ல அதுதான் வரும். கெட்டவர்னு சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. செருப்பு அந்துபோச்சுங்கன்னு சொன்னா, 'எதுக்கு இப்ப, எங்க போகப் போற'ம்பாரு. ரெண்டு நாள் கழிச்சு வாங்கியும் குடுத்துடுவாரு. ஆனா அந்த ரெண்டு நாளும் நான் எங்க போகப் போறேன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். நெஜமாவே எங்கயும் போகலையே, அப்பறம் செருப்பு எதுக்குன்னு எனக்கே தோணிடும்.

— ம்.

— அப்பறம் கண்ணு மங்கிடுச்சு. சட்டைப் பட்டன ஓட்டை மாத்தித் தைப்பேன். அதுக்குத் திட்டுவாரு. கண்ணாடி போடணுங்கன்னு கேட்டேன். 'நீ என்ன பரீட்சையா எழுதப் போற'ன்னாரு. நானும் சிரிச்சுட்டேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

— அப்ப அத்தன வருஷமும் கண்ணு தெரியாமயா இருந்த?

— குத்துமதிப்பாத் தெரியும். அவரு போனப்பறம் மகன் வீட்டுல இருந்தேன். அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். ஆனா அவனுக்கே ரெண்டு பிள்ளைங்க, கடைசி வாரம் வந்தா அவனே பால்காரருக்குப் பயந்து கதவ மெதுவா சாத்துவான். அவன்கிட்ட போய் எந்த வாயால கண்ணாடி கேக்கறது? அப்ப மருமகதான் இழுத்துக்கிட்டு வந்து இந்த ஆபீஸுல எழுதிப் போட்டா. எனக்கு வெக்கம், வர மாட்டேன்னேன். 'அத்தை, யாரும் உங்களுக்குப் பிச்சை போடல, ஊர்ல எல்லாரும் சேந்து போட்ட உண்டியல் இது, உங்க முறை வந்திருக்கு'ன்னா.

— வாய்க்காரிதான் உன் மருமக.

— முதல் பணம் வந்ததும் கண்ணாடிக் கடைக்குத்தான் போனேன். கடைக்காரர் ஒரு தட்டு நெறைய ஃப்ரேம எடுத்து வச்சு, 'உங்களுக்கு எதும்மா பிடிச்சிருக்கு'ன்னு கேட்டாரு. நான் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து வச்சுக்கிட்டே இருந்தேன். பாவம், அவரு ஒரு டீ குடிச்சுட்டே வந்துட்டாரு. எனக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே தெரியல. ஏன்னா அந்தக் கேள்விய யாரும் கேட்டதில்ல.

— இந்த ஃப்ரேமுதானா அது? ஓரத்துல சிவப்பு.

— இதுதான். போட்டுக்கிட்டு வீட்டுக்கு நடந்து வரேன். தெரு முனையில பேக்கரி. கண்ணாடிக் கதவுல 'ஆள் தேவை'ன்னு ஒட்டியிருக்காங்க. தினமும் அந்த வழியாத்தான் போவேன், வருவேன். எத்தன நாளா ஒட்டியிருந்தாங்களோ, காகிதமே வெளுத்துப்போயிருந்துச்சு. உள்ள போய்க் கேட்டேன். பொட்டலத்து மேல தேதி முத்திரை குத்தணும், பொடி எழுத்து, படிக்க வருமாம்மான்னாரு. வரும்னேன்.

— அப்பறம்தான் நான் வந்தேன்.

— அப்பறம்தான் நீங்க எண்ணெய் போட வந்தீங்க.

— அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் தரகு பாத்தது அரசாங்கம்ங்கற.

— நான் அப்படிச் சொல்லல. நீங்களா ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபனை இல்ல.

— இரு. கதவு ஓடற பள்ளத்துல என்னமோ சிக்கியிருக்கு. இதான் கதவ மூட விடாம அடிச்சிருக்கு. வா, வா... வந்துடுச்சு. இந்தா பாரு.

— என்னது, கறுப்பா?

— கைத்தடிக்கு அடியில மாட்டற ரப்பர். இது இல்லாம யாரோ வழுக்கி வழுக்கி நடந்துட்டு இருக்காங்க. அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கறவங்ககிட்டக் கேட்டுப் பாரு.

— இருங்க, கேட்டுட்டு வரேன்... மூலையில இருக்கற பெரியவரோடதாம். போன வாரம் வந்தப்ப காணாமப் போச்சாம். லிஃப்ட நிறுத்தினதே தான்தான்னு தெரிஞ்சதும் ஒரே சிரிப்பு அவருக்கு. நீங்க நூறு வயசு இருக்கணும்னு சொல்லச் சொன்னாரு.

— நூறு வயசு இருந்தா நானும்தான் நாலாவது மாடிக்கு வந்து மூஞ்சியக் காட்டணும். கதவு சரியாயிடுச்சு. இன்னும் ஒரு ஒயர்தான். ஏய், ஒண்ணு சொல்லவா?

— சொல்லுங்க.

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கற மாதிரி இருந்தா சிரிப்பேன்.

— கை உடைஞ்சு அக்கா மகன் வீட்டுல கிடந்தேன்ல. வேலை இல்ல, வருமானம் இல்ல. அவன் தங்கமானவன். 'மாமா, எது வேணும்னாலும் கேளுங்க'ம்பான். அந்தக் கேளுங்கதான் என்னால முடியல. ஒரு டீ குடிக்கணும்னா கேக்கணும். முடி வெட்டணும்னா கேக்கணும். கேக்கறதுக்கு முன்னாடி அவங்க தெருவ ரெண்டு சுத்து சுத்துவேன். எந்த வார்த்தையில ஆரம்பிக்கலாம், சாப்பிடறப்ப கேக்கலாமா, அவன் செருப்பு மாட்டறப்ப கேக்கலாமான்னு. ஒரு நாள்கூட இல்லைன்னு சொன்னதில்ல அவன். இருந்தும் தாடி வளந்துபோச்சு.

— திரும்பி வந்தப்ப பாத்தேனே. தாடி நல்லாருக்குன்னுகூடச் சொன்னேன்.

— அது நல்லாருக்கட்டும்னு விட்டதில்ல. பிளேடு கேக்கக் கூச்சம்.

— இத ஏன் என்கிட்ட இத்தன நாள் சொல்லல?

— இதப் போய் யார்கிட்ட சொல்றது? சிரிக்கலையா நீ?

— இல்ல. நீங்க சொல்ற அந்தத் தெருவ எனக்கு நல்லாத் தெரியும். கல்யாணம் ஆன மறுநாள்லேர்ந்து நான் அதத்தான் சுத்திக்கிட்டு இருந்தேன்.

— ம்.

— ரொம்ப நேரம் குனிஞ்சு நிக்காதீங்க. தண்ணி குடிங்க.

— அத விடாத.

— எத?

— உதவித்தொகைய. விடாத. நான் சொன்னதெல்லாம் தப்பு. உன்னச் சோறு போட்டுக் காப்பாத்தறேன்னு சொன்னா உனக்கு சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். மறுபடி உன்னத் தெருவச் சுத்த விடப் போறேன்னு எனக்குத் தோணவே இல்ல.

— நீங்க எதுக்குன்னு கேக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்.

— கேப்பேன். லைட்ட பாத்ததும் கேட்டேன்ல? என்னை அறியாமயே வருது. இன்னும் பத்து தடவ வரும். அப்பல்லாம் 'உங்களக் கேட்டா வாங்கினேன்'னு சொல்ல உன் கையில எதாவது இருக்கணும். அது உன்கிட்டயே இருக்கட்டும்.

— அப்ப கல்யாணம்?

— வேணாம்.

— வேணாமா?

— வேணாம். ஆசை இல்லாம சொல்லல. ராத்திரி வீட்டக் கூட்டறப்பகூட உன் செருப்ப எங்க விடுவ, உன் கண்ணாடிக்கு எங்க ஆணி அடிக்கலாம்னு பாத்துக்கிட்டேதான் கூட்டறேன். ஆனா அது உன் பணத்துக்கு வேட்டு வைக்கும்னா எனக்கு அந்தக் கல்யாணம் வேணாம். நீ உன் ரூம்ல இரு, நான் என் வீட்டுல இருக்கேன். சாயங்காலம் வந்து உக்காந்து பேசிட்டுப் போறேன்.

— அக்கா மகன் வெள்ளையடிச்சு வச்சிருக்கானே?

— அவன் பிள்ளைங்க சுவத்துல கிறுக்கட்டும். நான் போகல. வீட்டக் காலி பண்ணல.

— ஊரு பேசும்.

— பேசட்டும். லிஃப்ட்ல மேல போறவனும் பேசுவான், கீழ வர்றவனும் பேசுவான். நாலாவது மாடி வந்தா இறங்கிப் போயிடுவான். உன் மகன்தான் என்ன சொல்வானோ.

— அவன் முதல்ல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான். இப்ப, 'அந்த மெக்கானிக்குக்கு மிக்ஸி ரிப்பேர் பண்ணத் தெரியுமா'ன்னு கேக்கறான்.

— அப்ப பாதி ஒத்துக்கிட்டான். ஏய், யாரோ படியில இறங்கி வர்றாங்க. ஆபீஸர் மாதிரி இருக்கு. கொஞ்சம் தள்ளி உக்காரு. என்னோட பேசிட்டு இருந்த மாதிரியே காட்டிக்காத.

— படியேற முடியாதவங்க எல்லாரும் இங்கயே இருங்க, நானே மெஷினத் தூக்கிட்டு வந்துட்டேன். வரிசையெல்லாம் வேணாம், உக்காந்த இடத்துலயே சட்டுனு முடிச்சுடலாம். அட, பேக்கரிம்மா! நல்லா இருக்கீங்களா?

— நல்லா இருக்கேன் மேடம். நாலு மாடியும் இறங்கியா வந்தீங்க?

— வேற வழி? என் முட்டிக்கும் உதவித்தொகை கேக்கலாம்னு இருக்கேன். இப்படி கேமராவப் பாருங்க. கண்ணாடியக் கழட்டுங்க. கண்ண சிமிட்டுங்க. அவ்வளவுதான், உயிரோட இருக்கீங்க. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்ல.

— மேடம், ஒரு நிமிஷம்.

— யாரு? குழிக்குள்ளேர்ந்தா பேசறது?

— லிஃப்ட் மெக்கானிக் மேடம். இவங்க கல்யாணம் எதுவும் பண்ணிக்கல மேடம். பண்ணிக்கப் போறதும் இல்ல. நான் சாட்சி.

— நான் கேக்கவே இல்லையே.

— கேப்பீங்கன்னு சொன்னேன். ஸ்பானர் எடுத்துக் குடுக்கத்தான் இவங்கள இங்க உக்காரச் சொன்னேன், மத்தபடி ஒண்ணும் கிடையாது. யாராவது எதாவது சொன்னா அத நம்பி இவங்க பணத்த நிறுத்திடாதீங்க.

— நான் எதுக்குங்க நிறுத்தறேன்? மறுபடி கல்யாணம் பண்ணா பணம் நிக்கும்ங்கற விதியப் போன வருஷமே எடுத்தாச்சு. இவங்ககிட்ட நானே சொன்னேனே. நம்பாம மூணு தடவ திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. போறப்ப கண்ணக்கூடத் துடைச்சுக்கிட்டாங்க. நீங்க சட்டுனு லிஃப்ட முடிங்க, என்னால திரும்ப ஏற முடியாது. ஐயா, நீலச் சட்டை ஐயா, எழுந்திரிக்காதீங்க, நான் அங்க வரேன்.

— மேடம் போயாச்சு. வாய மூடுங்க, தூசி போயிடும்.

— ஒரு வருஷமாத் தெரியுமா உனக்கு?

— தெரியும்.

— அப்பறம் எதுக்கு நின்னுடும்னு சொன்ன?

— நான் எப்ப சொன்னேன்? நின்னுடும்னு சொன்னதும் நீங்க, நிக்கட்டும்னு சொன்னதும் நீங்க. அத விட்டுட்டு வர மாட்டேன்னு மட்டும்தான் நான் சொன்னேன்.

— முதல் தடவையே சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே. நான் போய்த் தொலைஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?

— அழுதிருப்பேன். ஆனா அன்னிக்கே முடிஞ்சிருந்தா, அப்பறம் ஒரு நாள் 'அதான் நான் இருக்கேன்ல, இன்னும் எதுக்கு அத வாங்கிக்கிட்டு'ன்னு மெதுவா ஆரம்பிச்சிருப்பீங்க. சட்டம் விட்டுடுச்சு. நீங்க விடுவீங்களான்னு எனக்குத் தெரிய வேணாமா?

— இப்பத் தெரிஞ்சுதா?

— தெரிஞ்சுது. சாயங்காலம் நானும் கூட வரேன், வீட்டு ஓனர்கிட்ட சொல்லிடலாம். வீடு காலி ஆகல, ஆள்தான் ஒண்ணு கூடுதுன்னு.